செயலாளர் ஆண்டறிக்கை: ஆவணம் எழுத வந்த புதியவர்கள்

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில், நம் மென்பொருள் ஆர்வலர் குழுவினர் இந்த ஆண்டும் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு கூடினோம். ஓணத்தை ஒட்டி ஒரு மாதம் மட்டும் விடுபட்டது. கணினி இயங்குதளமான லினக்ஸை நிறுவித் தரும் முகாம்கள் வழக்கம்போல் நடந்தன. யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களுக்கு ஆவணம் (நிறுவும், பயன்படுத்தும் முறையைச் சொல்லும் குறிப்பு) எழுத ஆசையாக வந்த நம் பிள்ளைகள் ஆறு பேர் பட்ட பாட்டைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளில் நடப்பதால், தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் லினக்ஸ் புதிதல்ல. "நிரல் எழுத வராவிட்டால் ஆவணத்தில் தொடங்கு, அது சுலபம்" என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று இந்த ஆண்டு புரிந்தது.

பாலிடெக்னிக் மாணவி ஒருவர், ஒரு மென்பொருளின் நிறுவல் குறிப்பில் ஒரு படி விடுபட்டிருப்பதைக் கண்டார். அந்தப் படியில் நிறுவ வேண்டிய துணை மென்பொருள் தொகுப்பு, பழகியவர்களின் கணினியில் முன்பே இருக்கும். அதனால் அவர்கள் கண்ணில் படாது. புதிதாக நிறுவியவருக்குத்தான் இடித்தது. சேர்க்க வேண்டியது ஒரே வரி. ஆனால் இணையத்தில் நாம் படிக்கும் பக்கம் வேறு, திருத்த வேண்டிய மூலக்கோப்பு வேறு. அதைத் தேடவே ஒரு மாலை போயிற்று. அப்புறம், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்: ஃபோர்க் (மூலத்தின் தனிப் படி), கிளை (மாற்றத்துக்கான தனிப் பாதை), கமிட் (மாற்றத்தின் பதிவு). கமிட்டில் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி (இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று பெயரிட்டு உறுதிசொல்வது) இல்லையென்று தானியங்கிச் சோதனை சிவப்பு காட்டியது. அதையும் சேர்த்து அனுப்பியபின், வரும் திருத்தங்களைப் பார்த்து ஏற்கும் பொறுப்பில் உள்ள பராமரிப்பாளர் 'நிட்' என்று தொடங்கி ஒரு குறிப்பு எழுதினார். சின்னத் திருத்தம் என்பதுதான் அதன் பொருள். மாணவியோ தன் வேலையை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்து, பதினைந்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. கூட்டத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னபின் சேர்ந்து பார்த்தோம். ஒரு காற்புள்ளிதான் விஷயம். பத்து நிமிடத்தில் சரிசெய்து அனுப்பினார். அந்த வாரமே ஏற்றுக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் இப்படி முடியவில்லை. ஒருவர் அனுப்பிய திருத்தம் ஐந்து மாதமாகப் பதிலின்றிக் கிடக்கிறது. இருவர் கேள்வியைக்கூடக் கேட்காமல் விலகினார்கள். தமிழும் மலையாளமும் தடையின்றிப் பேசுகிறவர்கள், ஊர் உலகம் பார்க்க ஆங்கிலத்தில் எழுதக் கூசுகிறார்கள். பராமரிப்பாளர்களில் பலரும் ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள் என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் தேவை பெரிது. மென்பொருள் திட்டங்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2017இல் நடத்திய கணக்கெடுப்பில், அரைகுறையான, பழையதாகிப்போன ஆவணங்களைப் பிரச்சினையாகக் கண்டவர்கள் 93 சதவீதம். பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர் ஆவணம் எழுதுவது அரிது, அல்லது எழுதுவதே இல்லை. தடுமாறும் புதியவருக்குத்தான் ஆவணத்தின் ஓட்டை தெரிகிறது. பழகிவிட்டால் அவர் கண்ணுக்கும் அது மறைந்துவிடும்; அதற்குள் அவரை எழுத வைக்க வேண்டும்.

வரும் ஆண்டில் முதல் திருத்தத்தை யாரும் தனியாக அனுப்ப வேண்டாம். முன்பே அனுப்பிப் பழகிய ஒருவர் பக்கத்தில் உட்காருவார். 'நிட்' போன்ற சொற்களுக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. அந்த மாணவியே எழுதுகிறார். விலகிய இருவரின் வீட்டுக்கும் அடுத்த வாரம் நானே போகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்