அலுவலக வாசலில் குடைத்தாங்கி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

யாழ்ப்பாணத்தில் உள்ள பொது அலுவலகங்கள், வைத்தியசாலைகள், வங்கிகள், நூலகங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் ஐப்பசி மழை தொடங்குமுன் செய்து முடிக்கக்கூடிய ஒரு காரியத்தைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்ள விரும்புகின்றேன். நனைந்த குடை, மழைக்கோட்டு, தலைக்கவசம் ஆகியவற்றை வைத்துவிட்டு உள்ளே செல்ல, வாசலில் ஒரு தாங்கி வேண்டும்.

குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்கின்றது. சென்ற கார்த்திகையில் ஓர் அலுவலகத்தில் என் முன்னே வரிசையில் நின்ற வயதான அம்மா ஒருவர், குடையை முழங்கையில் கொழுவிக்கொண்டு, காணி உறுதியை நனையாமல் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். குடை நுனியிலிருந்து வடிந்த நீர் மாபிள் தரையில் பரவியது. அதன்மேல் போடப்பட்டிருந்த சாக்கோ ஏற்கெனவே ஊறிப்போய், கால் வைத்தவுடன் வழுக்கியது. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் மழைக்கோட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் யன்னல் கம்பியிலும் கதிரை முதுகிலும் போட்டிருந்தார்கள். முதியவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இத்தேவைக்கான தளபாடம் புதிய கண்டுபிடிப்பன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வீட்டு வாசலோடு தொப்பியும் கோட்டும் மாட்டும் கொளுவிகள், நடுவே ஒரு கண்ணாடி, கீழே குடைகளைச் செருகும் வளையம், வடியும் நீரை ஏந்தும் தட்டு ஆகிய யாவும் ஒரே சட்டத்தில் அமைந்த தாங்கிகள் பரவலாக இருந்தன. அங்குள்ள கோல்புறூக்டேல் என்னும் இரும்பு வார்ப்பாலை அவற்றை வார்ப்பிரும்பில் செய்து விற்றது. இங்கும் பழைய அப்புக்காத்துமார், வைத்தியர்மார் வீட்டு விறாந்தைகளில் மரத்தாற் செய்த அத்தகைய தாங்கிகளைக் கண்டிருக்கின்றேன். அவற்றின் அடித்தட்டைத் தனியே இழுத்தெடுத்து நீரை முற்றத்தில் ஊற்றலாம். அந்த வேலைப்பாட்டின் முழு அறிவும் அத்தட்டில்தான் இருந்தது என்பது என் எண்ணம்.

ஆயினும் அந்தப் பழைய தாங்கியை அப்படியே பிரதி செய்வது எமக்குப் பொருந்தாது. தொப்பிக்காக நெருக்கமாக வைத்த கொளுவிகளில் தலைக்கவசங்கள் ஒன்றோடொன்று முட்டும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஏறக்குறைய ஓர் அடி இடைவெளி வேண்டும். மழைக்கோட்டு நிலத்தில் படாமல் தொங்கும் உயரமும், குடைகள் நிறைந்தாலும் கவிழாத அகன்ற அடிப்பாகமும் அவசியம். நீர் படும் கால்களை மரத்தில் அமைத்தால் உக்கிவிடும், கறையானும் பிடிக்கும். எங்கள் கடற்காற்றுக்குச் சாதாரண இரும்பும் தாங்காது. மேற்சட்டத்தை வேப்பமரத்திலோ பனையிலோ செய்து, அடிப்பாகத்தை மாத்திரம் துருப்பிடிக்காத உருக்கில் அமைக்கலாம். வாடைக் காற்றோடு சாரல் அடிக்கும் பக்கத்தில் வைக்காமல், விறாந்தையின் மறைவான சுவரோடு வைப்பது நல்லது.

நீர்த்தட்டைப் பற்றி ஒன்றை வலியுறுத்த வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரமோ பத்து நாளோ போதும். அதன் முட்டைகள் காய்ந்த பாத்திரத்தின் ஓரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். ஆகவே தட்டை நாள்தோறும் வெறுமையாக்கி, வாரம் ஒருமுறையாவது விளிம்பைத் தேய்த்துக் கழுவும் பொறுப்பை ஓர் ஊழியருக்குப் பெயர் குறித்து ஒப்படைக்க வேண்டும். அது முடியாத இடத்தில் தாங்கியே வேண்டாம் என்பேன்.

குடை களவு போகும் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த அச்சம் நியாயமானதே. வாசற்காவலரின் கண்பார்வையில் தாங்கியை வைத்து, இலக்கமிட்ட வில்லைகளை வழங்கினால் பெருமளவு தீரும்.

செலவும் பெரிதாக இராது. எங்கள் ஊர்த் தச்சரும் வெல்டிங் கடைக்காரரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலையே இது. கொழும்பிலிருந்து வருவிக்க வேண்டியதில்லை. மாநகர சபையும் பிரதேச சபைகளும் முதலில் தமது அலுவலக வாசல்களில் ஒவ்வொன்றை வைத்து, அளவுகளையும் வரைபடத்தையும் ஏனைய நிறுவனங்களுக்கு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகின்றேன். புரட்டாதிக்குள் கட்டளை கொடுத்தால் மழைக்கு முன் வேலை முடிந்துவிடும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.