விடையில்லாத கட்டங்கள்: ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூக அறிவியல் ஆய்வு நெறியாளர்களுக்கும் ஆய்வேடுகளை மதிப்பிடும் புறத்தேர்வாளர்களுக்கும்,

வணக்கம். புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரே ஒரு வேண்டுகோளுடன் எழுதுகிறேன். வினாநிரலில் விடையின்றி நின்ற கட்டங்கள் எத்தனை, ஏன் நின்றன, அவற்றை ஆய்வாளர் என்ன செய்தார் என்று சொல்லாத ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

இருபது கேள்விகள்; ஒவ்வொன்றிலும் 3 விழுக்காட்டினர், ஒன்றோடொன்று தொடர்பின்றி, விடை சொல்லவில்லை என்று கொள்வோம். எல்லாவற்றுக்கும் விடையளித்தவர்கள் நூற்றுக்கு 54 பேரே. குறையுள்ள படிவங்களைப் புள்ளியியல் மென்பொருள் வழக்கமாக ஓசையின்றி ஒதுக்கிவிடுவதால், 400 பேரிடம் திரட்டியதாக முன்னுரையில் சொல்லும் ஆய்வின் முடிவு ஏறத்தாழ 217 பேரை நம்பி நிற்கிறது. இதற்கு அஞ்சி வெற்றிடங்களைச் சராசரியால் நிரப்புவது இன்னும் மோசம்: விடைகளின் சிதறல் சுருங்குகிறது, திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்ற அளவு) குறைவாகத் தெரிகிறது, இல்லாத உறுதி அட்டவணையில் ஏறிவிடுகிறது. ('தெரியாது' என்பதற்கு இட்ட 98 என்ற குறியெண்ணை வயதென்று கூட்டிய ஆய்வேட்டையும் பார்த்திருக்கிறேன்.)

விடை ஏன் விடுபட்டது என்பதே முதற்கேள்வி என்று அமெரிக்கப் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-இலேயே நிறுவிவிட்டார். தற்செயலாக விடுபடலாம், நாம் அறிந்த வேறு விவரங்களைப் பொறுத்து விடுபடலாம், விடுபட்ட விடையே விடுபடக் காரணமாகவும் இருக்கலாம்.

மூன்றாவது வகை எவ்வளவு சிக்கலானது என்பதற்கு, உங்கள் மாணவர் பலரும் பயன்படுத்தும் தேசியக் குடும்ப நல ஆய்வின் (NFHS) தரவே சான்று. குடும்ப வன்முறை பற்றிய கேள்விகள் அதில் ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே, அதுவும் பிறர் காதில் விழாத தனிமை கிடைத்தால் மட்டுமே கேட்கப்படுகின்றன. பெண்ணின் பாதுகாப்புக்கான விதி அது. மிகச் சரியான விதியும்கூட. ஆனால் கணவரோ மாமியாரோ நகராமல் நின்ற வீட்டில் அந்தப் பகுதியே வெற்றாகிறது. அத்தகைய வீடுகளில் வன்முறை மற்ற வீடுகளைப் போலவே இருக்கும் என்று கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. திருமணமாகாத பெண்ணுக்குக் கணவரைப் பற்றிய கேள்வி பொருந்தாததால் வந்த வெற்றிடமும், அவ்வீட்டில் வேறொரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டதால் வந்த வெற்றிடமும் கோப்பின் விடைக் கட்டத்தில் இதே போல்தான் தெரியும். திருமணமாகாத பெண்ணின் வெற்றிடத்தை நிரப்பவே கூடாது. வேறொரு பெண் தேர்வானதால் வந்ததற்கென்றே தனி எடை (ஒருவரின் விடையை எத்தனை பேருக்கு ஈடாகக் கொள்வது என்ற எண்) தரப்பட்டுள்ளது. தனிமை கிடைக்காததால் வந்ததைப் பற்றி மட்டும் ஆய்வாளர் வாய்திறந்து வாதாட வேண்டும்.

ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் பல மதிப்புகளை இட்டுப் பல முறை கணித்து ஒன்றிணைக்கும் பன்முறை நிரப்பலை ஆர் (R) என்னும் புள்ளியியல் மென்பொருளில் கட்டணமின்றிச் செய்யலாம். வழக்கமாக அது ரூபினின் இரண்டாவது வகையை, அதாவது அறிந்த விவரங்களைப் பொறுத்து விடுபடுவதை, அனுமானித்தே இயங்குகிறது. மூன்றாவது வகைக்கு, அனுமானத்தை மாற்றினால் முடிவு எவ்வளவு நகர்கிறது என்று காட்டுவதே நேர்மையான வழி.

வாய்மொழித் தேர்வில் இனி இதைக் கேளுங்கள்: "நான்காம் அட்டவணையில் 400 பேர் இருந்தார்களே, ஏழாவதில் மற்றவர்கள் எங்கே?"

இப்படிக்கு,
ஒரு புள்ளியியல் ஆசிரியர்