‘கீமோ’ என்றுதான் அத்தை சொன்னார்: மலையகத்து ஓ.பி.டி. டொக்டர்மாருக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, பண்டாரவளை என்று மலையகமெங்கும் ஓ.பி.டி. என்கிற வெளிநோயாளர் பிரிவில் உட்கார்ந்திருக்கும் டொக்டர்மாருக்கும், தோட்டத்து மருந்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

காலை எட்டு மணிக்கே உங்கள் வாசலில் வரிசை எவ்வளவு நீளும் என்பது எனக்குத் தெரியும். ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது. அந்த இரண்டு நிமிடத்துக்குள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

என் அத்தை முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். வெற்றிலையும் புகையிலையும் மடியில் இல்லாமல் மலை ஏறியதில்லை. கன்னத்துக்குள் வந்த புண் புற்றுநோய் என்று தெரிந்து, சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, ஒரு வருடத்தில் அது மறுபடி தலைகாட்டியது. அப்போதுதான் கொழும்பில் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. காசு எப்படிப் புரட்டினோம் என்று எழுதப்போனால் மடல் வேறு பக்கம் போய்விடும், அதை விடுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘கொழும்பு ஊசி’.

நாலாவது ஊசிக்குப் பிறகு வயிற்றோட்டம். நாளுக்கு ஏழெட்டுத் தடவை. லயத்துக் கக்கூஸ் வெளியே இருக்கிறது, அதுவும் அடைமழைக் காலம். பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எது என்று சொல்லப்போவதில்லை, எங்கே போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேறு வருத்தம் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். “கேன்சருங்க, கீமோ ஏத்துறாங்க” என்றார் அத்தை. புற்றுநோய்க்கு ஏற்றுவது எல்லாமே அவருக்குக் கீமோதான். கீமோ என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், கிருமி தொற்றியிருக்கும். அப்படிக் கணக்குப் பார்த்து கிருமிக்கு ஃபிளாஜில் மாத்திரையும், உப்புச் சீனிக் கரைசலான ஜீவனியும் கொடுத்து அனுப்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய டயக்னோசிஸ் கார்ட், அதாவது நோயும் சிகிச்சையும் எழுதிய அட்டை, வீட்டில் தகரப்பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

ஆறாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் போனபோது 1990 அம்புலன்சுக்கு அடித்தோம். மாற்றி மாற்றி அனுப்பப்பட்டு கொழும்பு போய்ச் சேர்ந்த பிறகுதான், இது அந்த ஊசி செய்த வேலை, குடல் அழற்சி என்றார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீரொய்ட் ஏற்றிய மூன்றாம் நாளே வயிறு அடங்கத் தொடங்கியது.

இந்த மருந்துகளைத் தடைப்புள்ளித் தடுப்பிகள் என்கிறார்கள். போர்க்காலத்தில் கொழும்புக்குப் பஸ் ஏறியவர்களுக்குச் சோதனைச் சாவடியைப் பற்றி விளக்கத் தேவையில்லை, அதனால் எனக்கு இது அப்படித்தான் புரிந்தது. நம் இரத்தத்தில் திரியும் டி செல்கள் காவல்காரர்கள். அவற்றின் மேல் பி.டி.-1 என்றொரு புரதம் இருக்கிறது. எதிரே வரும் செல் பி.டி.-எல்1 என்ற அட்டையை நீட்டினால், ‘நம்ம ஆள்தான்’ என்று காவல்காரர் கையை இறக்கிவிடுவார். புற்றுநோய் செல்லும் அதே அட்டையைக் காட்டித் தப்பிக்கிறது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்றவை பி.டி.-1ஐ மூடிவிடுகின்றன, அட்டை செல்லுபடியாகாது. இபிலிமுமாப் இன்னொரு சாவடியில், சி.டி.எல்.ஏ.-4இல், வேலை செய்கிறது. அதுதான் 2011இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது. இந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹொஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. பலித்த சிலருக்கு வருடக்கணக்கில் ஆயுள் நீள்கிறது.

ஆனால் அட்டை செல்லாத சாவடியில் ஊர்க்காரரும்தானே மாட்டிக்கொள்வார்? குடல், தைரொய்ட், ஈரல், நுரையீரல், தோல், சில வேளை இருதயம் என்று சொந்த உறுப்புகளையே காவல்காரர் பிடித்து உலுக்குகிறார். கீமோவில் பாதுகாப்பு தளர்ந்துபோவது பிரச்சினை. இங்கே அது மிஞ்சிப்போவது பிரச்சினை. தொற்று இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிட்டால், வெறும் வயிற்றோட்டம் குடலில் ஓட்டை விழும்வரை போகலாம்.

மலையகத்தில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். தைரொய்ட் சுரப்பு குறைந்தால் குளிர் தாங்காது, உடம்பு அசதியாக இருக்கும். நுவரெலியாவில் “குளிர் தாங்கல டொக்டர்” என்று ஒருவர் சொன்னால் யார் ரி.எஸ்.எச். என்ற தைரொய்ட் இரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள்? (நானாக இருந்தால் கம்பளி போர்த்திக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.) பனிக்காலத்து வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் சளித் தடிமனாகவே தெரியும், அது நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். திடீரென்று அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் வந்தால், சில நாட்களுக்குள்ளேயே ஆளை வீழ்த்தும் நீரிழிவாகவும் இருக்கலாம். ஊசி நின்று பல மாதம் கழித்தும் இவை வருமாம். அதனால் ‘இப்போது ஏற்றுகிறார்களா’ என்று மட்டும் கேட்டால் போதாது.

நான் கேட்பது இதுதான். புற்றுநோய் என்று யாராவது சொன்னால், “கீமோவா, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிற ஊசியா? கடைசியாக எப்போது? கார்ட் எங்கே?” என்று கேளுங்கள். ஊசி என்று தெரிந்தால், வீட்டுக்கு அனுப்புமுன் அதை ஏற்றிய புற்றுநோய்ப் பிரிவுக்கு ஒரு கோல் எடுங்கள். ஸ்டீரொய்ட் தேவையா, எவ்வளவு, எத்தனை வாரத்தில் குறைப்பது என்று அவர்கள் சொல்வார்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் நம்மூர் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிற மருந்துதானே.

அப்புறம், ஊசி ஏற்றும் இடத்தாருக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய கார்டைக் கையில் கொடுத்துவிட்டு “ஏதாவது என்றால் வாங்க” என்பது எங்களுக்குப் போதாது. இங்கிருந்து நீங்கள் பஸ்ஸில் ஐந்து மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறீர்கள். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு சிறிய அட்டையைத் தமிழிலும் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்?

அது வரும்வரை பொறுக்க முடியாமல் நானே ஒன்று எழுதினேன். “இவருக்கு ஏற்றியது கீமோ இல்லை. பெம்ப்ரோலிசுமாப். வயிற்றோட்டம், இருமல், அசதி எதுவானாலும் இந்த மருந்தின் விளைவாக இருக்கலாம். கீழே உள்ள எண்ணுக்கு அழையுங்கள்.” தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். அத்தை அதை ஐடென்டி கார்டோடு சேர்த்து, முன்பு வெற்றிலை வைத்த சுருக்குப்பையில் போட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி