பக்கத்து வீட்டில் பூஜ்யம்

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஒரு வகுப்புக்கு ரெண்டு வாத்தியாரா? ஒருத்தரு பாடம் நடத்துறாரு, இன்னொருத்தவங்க பின்னால சும்மா உக்காந்திருக்காங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நாங்கள் இருவர் சேர்ந்து நடத்தும் புதன்கிழமைக் கணிதப் பாடத்தை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் பயிற்சித்தாள் கொடுக்கச் சொல்லித் தலைமையாசிரியருக்கு நீங்கள் எழுதப்போவதாக இப்போது கேள்விப்படுகிறேன். அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

பின்னால் 'சும்மா' உட்கார்ந்திருந்த டீச்சர் என்ன பார்த்தார் என்று சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு வகுப்பு. 503-இலிருந்து 278-ஐக் கழிக்க வேண்டும். வெண்பலகையில் செய்து காட்டி, "புரியுதா?" என்றேன். "புரியுது சார்!" என்று ஒரே குரல். இத்தனை வருடமாகக் கேட்டுப் பழகிய குரல்தான், நம்பிவிட்டேன். டீச்சரோ ஐந்து நோட்டுகளில் 375 என்ற விடையைப் பார்த்திருக்கிறார். நான் மட்டும் இருந்திருந்தால் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போயிருப்பேன். ஐந்து பேருக்கும் ஒரே தப்பு வந்தால் அது கவனக்குறைவா? ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறார்கள்: 8-இல் 3 போக 5, 7-இல் பூஜ்யம் போக 7, 5-இல் 2 போக 3. இந்தப் பிள்ளைகளுக்கு இருபது கணக்குள்ள பயிற்சித்தாள் கொடுத்தால், இதே தப்பை இருபது தடவை எழுதிப் பழகுவார்கள்.

பாடம் முடிந்ததும் துண்டுத்தாளில், "எங்கே இடிச்சது?" என்று எழுதச் சொல்வோம். பெயர் போட வேண்டாம். அன்று வந்த ஒரு சீட்டு: "பக்கத்து வீட்டுல பூஜ்யம்தான் இருக்கு. அங்க போயி எப்படி கடன் கேக்குறது?"

பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். 555 என்ற சின்னக் கடன் நோட்டுப் புத்தகத்தில் மளிகைக்கடைக் கணக்கு ஏறுவதைப் பார்த்து வளரும் தோட்டத்துப் பிள்ளைக்கு, இல்லாதவரிடம் கடன் கிடைக்காது என்று தெரியாதா? சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

அன்று மத்தியானமே இருவரும் உட்கார்ந்து அடுத்த பாடத்தை மாற்றினோம். 'கடன்' என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். நூறு வெள்ளி (ரிங்கிட்) தாள் ஐந்து, ஒரு வெள்ளித் தாள் மூன்று, எல்லாம் அட்டையில் வெட்டியது. நூறு வெள்ளி ஒன்றைச் சில்லறை மாற்றினால் பத்து வெள்ளித் தாள் பத்து. அதில் ஒன்றை மாற்றினால் ஒரு வெள்ளி பத்து. இப்போது கையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. 278 கொடுத்தால் மிச்சம் 225. இந்த முறை டீச்சர் நடத்தினார், நான் பின்னால் 'சும்மா' உட்கார்ந்திருந்தேன். ஜப்பானில் ஆசிரியர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இப்படிச் செய்கிறார்கள்: கூடித் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் ஆசிரியரை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கவனிப்பார்கள்.

வாத்தியாரின் பாடத்தில் பிள்ளை குறை எழுதுவது மரியாதையா என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. "சார் வேகமா பேசுறாரு" என்று ஒரு சீட்டு வந்தது. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் உண்மை.

ஒரே வாத்தியார் போதும் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது அன்றைய மலாயாவின் 1923 தொழிலாளர் சட்டம். பேருக்கு ஒரு கொட்டகை போட்டார்கள். பல இடங்களில் வேலையாட்களை மேய்க்கும் கங்காணியோ, ஆபீஸ் எழுத்தரான கிராணியோதான் வாத்தியார். அது நம் இல்லாமை. அதையா இன்று வழக்கமாக வைத்துக்கொள்வது?

2021-இல் யூ.பி.எஸ்.ஆர். என்ற ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு போனதிலிருந்து பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை என்கிறீர்கள். நியாயமான கவலை. தேர்ச்சி நிலை 3, நிலை 4 என்று அறிக்கையில் எழுதினால் எனக்கே சில நேரம் திருப்தி இல்லை. அந்தச் சீட்டுகளை எல்லாம் கோப்பில் வைத்திருக்கிறேன், வந்து படித்துப் பாருங்கள்.

டீச்சர் தன் ஓய்வு நேரத்தை விட்டுத்தான் வருகிறார். சங்கத்துக்கு ஒரு காசு செலவில்லை. நான் கேட்பது, எழுதுவதற்கு முன்னால் செயலவையில் இருவராவது ஒரு புதன்கிழமை வந்து உட்காருங்கள். காலை 9.10-க்கு ஆரம்பிப்போம். பின்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன். பிள்ளைகளுடைய நாற்காலிதான், முட்டி கொஞ்சம் இடிக்கும்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டுக் கணித ஆசிரியர்,
சுங்கை சிப்புட், மலேசியா