பேரனின் முதலாம் தரம் பற்றி

அன்பு மகளுக்கு,

தை மாதம் நீங்கள் மாற்றலாகித் திருகோணமலைக்கே வருவது உறுதியானதில் அப்பாவுக்கும் எனக்கும் மிகுந்த மகிழ்ச்சி. பேரனைச் சர்வதேசப் பாடசாலையில் சேர்ப்பதா, மத்திய கல்வி அமைச்சின் கீழுள்ள நகரத்துத் தேசியப் பாடசாலையில் சேர்ப்பதா என்று கேட்டிருந்தாய். நம் வீட்டுக்கு அடுத்த தெருவிலுள்ள, மாகாண சபையின் கீழ் நடக்கும் மாகாணப் பாடசாலையைப் பற்றி ஒரு வரியும் நீ எழுதவில்லை. நான் சொல்ல விரும்புவது அதைப் பற்றித்தான்.

சர்வதேசப் பாடசாலைக்காக மருமகன் சொல்லும் காரணங்களை நான் இலேசாக எண்ணவில்லை. ஆங்கிலம் வரும் என்பது உண்மை. அரச பாடசாலைகள் மொழிவாரியாகப் பிரிந்து கிடக்கும் இந்த ஊரில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் அங்கே ஒரே வாங்கில் இருந்து படிப்பதும் பெரிய விடயந்தான். ஆனால் கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே அந்த வாங்கில் இடமுண்டு. தம்பலகாமத்தில் வயல் செய்த உன் பாட்டனார் ஒரு சதமும் கட்டாமல் என்னை ஆசிரியையாக்கியது, 1945 ஒக்டோபரில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியால் அல்லவா?

அதற்காகத் தேசியப் பாடசாலைதான் நீதியானது என்றும் சொல்லமாட்டேன். முதலாம் தர அனுமதியில் அண்மையில் வசிப்போருக்கு நூற்றுக்கு 50, பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இடங்களைப் பிரித்திருக்கிறது. நான் நேர்முகப் பரீட்சைக் குழுவில் இருந்தபோது, ஒரு தகப்பனாரின் கோவையில் காணி உறுதி, மின்கட்டணச் சீட்டுகள், வாக்காளர் இடாப்புப் பிரதிகள் எல்லாம் ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. அவருக்குப் பின் வந்த தாய், ஒப்பந்தம் எழுதாத வாடகை வீட்டில் இருப்பவர், கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஒன்றை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். புள்ளியிடுவதில் எவரும் பிழை விடவில்லை. ஆயினும் அந்தத் தாயின் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை.

அப்படித் திரும்பிப் போகும் பிள்ளைகள்தாம் நம் அயல் பாடசாலையில் படிக்கிறார்கள். உத்தியோகத்தரும் ஆசிரியரும் தங்கள் பிள்ளைகளை அங்கிருந்து எடுத்துவிட்டதால் மாணவர் தொகை குறைகிறது. தொகை குறைந்ததும் ஆசிரியர் ஒதுக்கீடும் குறைகிறது. ஆசிரியர் இல்லை என்று சொல்லி மிச்சமிருப்பவர்களும் வெளியேறுகிறார்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய் ஏன் ஆசிரியரை அனுப்பவில்லை என்று கேட்கத் தெரிந்த பெற்றோர் அங்கே இல்லாமற் போனதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. கடலுக்குப் போய்விட்டு விடியலில் திரும்பும் தகப்பனால் அலுவலக நேரத்தில் அங்கே போய் நிற்க முடியுமா?

பேரன் எதையும் இழந்துவிடுவான் என்று பயப்படாதே. ஆரம்பப் பிரிவில் பிள்ளைக்கு வேண்டியது பொறுமையுள்ள ஓர் ஆசிரியை. அங்கே முதலாம் தரத்துக்கு இருப்பவரை நான் அறிவேன். ஆங்கிலத்தை மாலையில் நானே சொல்லிக் கொடுப்பேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிறகு வேறு பாடசாலை வேண்டுமென்றால் அப்போது பார்க்கலாம். சர்வதேசப் பாடசாலைகளின் வெளிநாட்டுப் பரீட்சையை அல்ல, உள்ளூர் உயர்தரப் பரீட்சையை வைத்தே நமது பல்கலைக்கழக அனுமதி பெரும்பாலும் நடக்கிறது என்பதையும் மருமகன் யோசிக்கட்டும்.

விண்ணப்பப் படிவத்தை அதிபரிடம் வாங்கி வைத்திருக்கிறேன். இருவரும் பேசி முடிவை எழுதுங்கள், எதுவானாலும் ஏற்றுக்கொள்வேன். இங்கே சேர்ப்பதானால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களுக்கு மருமகன் தவறாமல் வரவேண்டும். இரண்டாம் தரத்துக்கு இன்னும் ஆசிரியர் இல்லை. வலயத்துக்கு அதை எழுதிக் கேட்க அங்கே ஆள் தேவைப்படுகிறது.

அன்புள்ள,
அம்மா