அந்த ஒரு வரியை நீயே எழுதிக் கொடு

பட்டர்வொர்த்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கான்ட்ராக்ட் முடியப் போகிறது என்று நீ சொன்னதிலிருந்து இதை எழுத நினைத்திருந்தேன். போனில் சொன்னால் விவரமெல்லாம் மனதில் தங்காது. எழுத்தில் இருந்தால் விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வாய்.

அறுபது இடத்துக்குப் போட்டும் இரண்டு அழைப்புதான் வந்தது என்று வருத்தப்பட்டாய். உன்னிடம் திறமை குறைவு என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. விண்ணப்பம் போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே தடுக்கிறது என்று உனக்கே புரியும்.

கோலாலம்பூரில் ஒரு அக்கவுண்ட்ஸ் வேலைக்கு விளம்பரம் வந்தால் விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் குவியும். முதலில் அவற்றைப் பார்ப்பவர் அக்கவுண்டன்ட் இல்லை, ஆள்சேர்ப்புப் பிரிவில் இருப்பவர். மேலாளர் கேட்ட நாலைந்து விஷயம் அவர் கையில் இருக்கும்: எஸ்ஏபி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு வருட அனுபவம், மாதக் கடைசி கணக்கு முடிப்பு, ஒரு மாதத்துக்குள் வேலைக்கு வர முடியுமா. உன் தாளில் இவற்றைத் தேடுவார். கண்ணில் பட்டால் சுருக்கப் பட்டியலில் சேர்த்து, "இவரை ஏன் பார்க்கலாம்" என்று ஒரு வரி எழுதி மேலாளருக்கு அனுப்புவார். மேலாளர் முதலில் படிப்பது அந்த ஒரு வரியைத்தான். நீ மற்றவர்களிலிருந்து தனியாகத் தெரிவதும் தெரியாமல் போவதும் அதில்தான் இருக்கிறது. அதனால் அந்த வரியை அவர் யோசித்து எழுதும்படி விடாதே. நீயே எழுதி, தாளின் தலையிலேயே வைத்துவிடு.

இப்போது உன் ரெசுமேயின் மேலே இருப்பது "கடுமையாக உழைப்பவள், குழுவோடு ஒத்துப்போகிறவள், கற்றுக்கொள்ள ஆர்வமுள்ளவள்." இதை எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. அதை எடுத்துவிட்டு, சப்ளையர்களுக்குப் பணம் செலுத்தும் உன் வேலையின் பெயரோடு தொடங்கி இப்படி வை: "அக்கவுண்ட்ஸ் பேயபிள், இரண்டு ஆண்டு. எஸ்ஏபியில் மாதம் சுமார் 450 இன்வாய்ஸ், மூன்று கம்பெனிக் கணக்கு. இ-இன்வாய்ஸ் சரிபார்ப்பு அனுபவம். ஒரு மாத நோட்டீஸ்." எண்களை உன் உண்மைக் கணக்குக்கு மாற்றிக்கொள். ஆள்சேர்ப்பவர் இதை அப்படியே எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிடலாம்.

கீழே வேலை அனுபவத்திலும் இதே முறைதான். "இன்வாய்ஸ்களைக் கையாண்டேன்" என்று எழுதியிருக்கிறாய். எத்தனை சப்ளையர்? பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, இன்வாய்ஸ் மூன்றையும் பொருத்திப் பார்த்தாயா? பொருந்தாதவை எதனால் பொருந்தவில்லை, விலை வித்தியாசமா, அளவு வித்தியாசமா? சப்ளையர் அறிக்கையோடு லெஜரை மாதாமாதம் ஒப்பிட்டாயா? மாதக் கணக்கு எத்தனையாவது வேலை நாளில் மூடியது? நீ சேர்ந்தபோது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது? இவற்றுக்குப் பதில் எழுது, ஐந்து நல்ல வரி கிடைக்கும். ஐந்துக்கு மேல் வேண்டாம். சப்ளையர் பெயர், கம்பெனி செலுத்திய தொகை இரண்டையும் எங்கேயும் எழுதாதே. பழைய இடத்தின் ரகசியத்தை வெளியில் சொல்பவள் புது இடத்தின் ரகசியத்தையும் சொல்வாள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

பாப்பா, உன்னிடம் இருந்தும் நீ வெளியில் காட்டாத பெரிய விஷயம் இ-இன்வாய்ஸ், அதாவது வரி வாரியத்தின் சரிபார்ப்பு வழியாகப் போகும் மின்னணு இன்வாய்ஸ். வருமான வரி வாரியம் இதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் உள்ள நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1, இரண்டரைக் கோடிக்கு மேல் 2025 ஜனவரி 1, 50 லட்சத்துக்கு மேல் 2025 ஜூலை 1. அதனால் நடுத்தரக் கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் பிரிவுகள் பலவற்றில் இது இன்னும் புது வேலை. பத்து வருட அனுபவக்காரருக்கும் உனக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. வயதில் சின்னவர்கள் முன்னால் போவதற்கு இப்படி ஒரு இடைவெளி அடிக்கடி திறக்காது.

ஆனால் "இ-இன்வாய்ஸ் தெரியும்" என்று மட்டும் எழுதினால் பலனில்லை. எங்கே சிக்கும் என்று தெரிந்தவளாகப் பேச வேண்டும். வாங்குபவரின் வரி அடையாள எண்ணும் பதிவு எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே சப்ளையர், வாடிக்கையாளர் விவரப் பதிவுகளைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. சரிபார்ப்பு முடிந்த பிறகு ரத்து செய்யவோ, நிராகரிக்கக் கோரவோ 72 மணி நேரம்தான். அது கடந்தால் கிரெடிட் நோட், டெபிட் நோட் வழியாகத்தான் திருத்த முடியும். எனவே வந்த இன்வாய்ஸை மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கம் இனி உதவாது. வெளிநாட்டுச் சப்ளையரால் நம் முறையில் அனுப்ப முடியாது, ஆகவே வாங்குகிற கம்பெனியே செல்ஃப்-பில்டு இன்வாய்ஸ் போட வேண்டும். இதை மறந்துவிடுகிற இடங்கள் உண்டு. இவற்றில் நீ கையால் செய்தவை எவை, பக்கத்தில் இருந்து பார்த்தவை எவை என்று பிரித்து எழுது. பார்த்ததைச் செய்ததாக எழுதாதே. இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துபோகும். வாரியத்தின் வழிகாட்டிக் கையேடுகள் அதன் இணையத்தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துவிடு.

அடுத்தது தாளின் அமைப்பு. நீ பணம் கட்டி வாங்கிய அந்த இரண்டு பத்தி, வண்ணப் பட்டை டெம்ப்ளேட்டை விட்டுவிடு. பெரிய கம்பெனிகளில் மென்பொருள் முதலில் எழுத்தைப் பிரித்தெடுக்கும். இரண்டு பத்தியாகவோ அட்டவணைக்குள்ளோ இருந்தால் சில மென்பொருள்கள் வரிகளைக் குறுக்கே கலந்து படித்துவிடும். பக்கத்தின் தலைப்புப் பகுதிக்குள் வைத்த போன் எண்ணை அவை விட்டுவிடுவதும் உண்டு. சோதித்துப் பார்ப்பது சுலபம்: பிடிஎஃப் கோப்பைத் திற, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டு. அங்கே வரிசையாகப் படிக்க முடிந்தால் மென்பொருளுக்கும் புரியும். எக்செல்லுக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம் என்று போட்டிருக்கிறாயே, அதை யாராலும் அளக்க முடியாது. "பிவட் டேபிள், எக்ஸ்லுக்அப், சம்இஃப்ஸ்" என்று பெயர் சொல்லி எழுது. கோப்புக்கு உன் பெயரும் வேலையின் பெயரும் வை. "புதியது கடைசி 3" என்ற பெயரில் எங்கேயும் போய்ச் சேரக்கூடாது.

ஐசி (அடையாள அட்டை) எண், மதம், எங்கள் பெயர், எங்கள் வேலை எதுவும் ரெசுமேயில் வேண்டாம். வேலைக்கு எடுத்த பிறகு ஐசி எண்ணைக் கேட்பார்கள், அப்போது கொடுக்கலாம். பெயர் விஷயத்தில் மட்டும் கவனம். நம் பெயர்களில் 'இன்னாரின் மகள்' என்று நடுவில் வரும் ஏ/பி-யில் இருக்கிற கோட்டைச் சில விண்ணப்பப் படிவங்கள் ஏற்காது. குடும்பப் பெயர் என்று கேட்கும் கட்டத்தில் அப்பா பெயரைப் போடு, எல்லா இடத்திலும் அதையே போடு. ஒரு தளத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருந்தால் இரண்டு ஆளாகப் பதிவாகிவிடும். வேலை உறுதிக் கடிதத்தில் மட்டும் ஐசியில் உள்ளபடியே முழுப் பெயர் இருக்க வேண்டும். வங்கிக்கும் சேமநிதிக்கும் அதுதான் போகும்.

ஜாப்ஸ்ட்ரீட்டிலும் லிங்க்ட்இன்னிலும் விளம்பரம் வந்த முதல் இரண்டு மூன்று நாளுக்குள் போடு. சுருக்கப் பட்டியல் நிறைந்த பிறகு வருகிற தாளை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைத் தளத்திலும் பதிந்து வை. ஒரு நாளைக்குப் பத்து விண்ணப்பத்தை ஒரே தாளோடு தள்ளிவிடுவதைவிட, இரண்டு மூன்றை விளம்பரத்தின் சொற்களுக்கு ஏற்ப மாற்றி அனுப்புவது மேல். சப்ளையர் கணக்கை ஒப்பிடுவதை அவர்கள் "வெண்டார் ரீகன்சிலியேஷன்" என்று எழுதியிருந்தால் நீயும் அதே சொல்லைப் போடு. செய்த வேலை அதுவாக இருந்தால் மட்டும்.

கல்லூரித் தோழிகளில் யார் யார் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடு. வேலை வாங்கித் தரச் சொல்ல வேண்டாம். "உங்கள் இடத்தில் இந்த வேலை வந்திருக்கிறது, உள்ளிருந்து பரிந்துரைக்கும் வழி இருந்தால் என் ரெசுமேயைப் போட முடியுமா" என்று விளம்பர எண்ணோடு கேள். கேட்பதில் கூச்சம் வேண்டாம் அம்மாடி. பல கம்பெனிகளில் பரிந்துரைப்பவருக்கு ஊக்கத்தொகையும் உண்டு. ஆள்சேர்ப்பவருக்கே எழுதினால் நாலு வரி போதும்: எந்த வேலை, மேலே சொன்ன அந்த ஒரு வரி, எப்போது சேர முடியும், போன் எண். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டு, அதோடு விட்டுவிடு.

மாண்டரின் மொழி தெரிய வேண்டும் என்று கேட்கும் விளம்பரங்களைப் பார்த்து மனம் சோர்ந்துபோகிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும் விளம்பரத்தைக் கவனமாகப் படி. சீனா, தைவான் சப்ளையர்களோடு தினமும் பேசுகிற வேலை என்றால் தாண்டிப் போ. "தெரிந்தால் நல்லது" என்று மட்டும் போட்டிருந்தால் கட்டாயம் விண்ணப்பி. உன் தாளில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றையும் எழுது, எழுதவும் பேசவும் எவ்வளவு முடியும் என்றும் சொல். சென்னையிலும் பெங்களூரிலும் கிளை வைத்திருக்கும் கம்பெனிகள் கோலாலம்பூரில் நிறைய. தமிழை மறைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

நேர்முகத் தேர்வுக்கு மூன்று சம்பவம் தயார் செய்துகொள்: நீ கண்டுபிடித்த ஒரு பிழை, சப்ளையரோடு தீர்த்த ஒரு சிக்கல், நேரத்துக்குள் முடித்த ஒரு பெரிய வேலை. ஒவ்வொன்றையும் நிலைமை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், என்ன ஆனது என்ற வரிசையில் ஒன்றரை நிமிடத்துக்குள் சொல். நிறைய பேர் நிலைமையை விவரித்தே நேரத்தைத் தீர்த்துவிட்டு, தான் செய்த பகுதியில் "நாங்கள் செய்தோம்" என்று போய்விடுகிறார்கள். உன் கை எங்கே இருந்தது என்று தெளிவாகச் சொல். எக்செல் சோதனை வைத்தால் சூத்திரம் போடுவதற்கு முன் தரவைப் பார். எண் மாதிரி தெரிந்து எழுத்தாகச் சேமிக்கப்பட்டவை, பின்னால் ஒட்டிய இடைவெளி, ஒரே இன்வாய்ஸ் இருமுறை பதிவானது, இவற்றை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். கண்டுபிடித்ததை வாய்விட்டுச் சொல். சரியான விடையைவிட அதைத்தான் மேலாளர் கவனிப்பார். நீ கேட்க ஒரு நல்ல கேள்வி: "மாதக் கணக்கு மூடும்போது உங்களுக்கு அதிக நேரம் பிடிக்கும் இடம் எது?" வரும் பதிலில் வேலையின் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

நேர்முகத் தேர்வு பங்சார் சவுத் பக்கம் என்றால் கெரிஞ்சி எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கு. மிட்வேலி என்றால் செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயில் நேராகப் போகும், ஆனால் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். முந்தின வண்டியிலேயே போய்விடு.

சம்பளம் கேட்டால் தயங்காமல் ஒரு எண்ணைச் சொல், அதற்குக் காரணமும் சொல். மொத்தத் தொகையை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாதே. 4,000 வெள்ளி அடிப்படைச் சம்பளம் என்றால் முதலாளி சேமநிதிக்கு 13 விழுக்காடு, அதாவது 520 வெள்ளி போடுவார். 3,500 அடிப்படையும் 500 பயணப் படியும் என்றால் பயணப் படிக்குச் சேமநிதி இல்லை, ஆகவே 455 வெள்ளிதான். ஓவர்டைம், போனஸ் கணக்கும் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்திலிருந்தே போகும். அடிப்படையை உயர்த்தித் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை. அவர்களும் எதிர்பார்த்துத்தான் இருப்பார்கள்.

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ தானாக வந்து வேலை தருகிறேன் என்பவர், பயிற்சிக் கட்டணம் கேட்பவர், நேரில் பார்க்கும் முன்பே ஐசி படமும் வங்கி விவரமும் கேட்பவர் யாருக்கும் பதில் போடாதே. பணம் போய்விட்டதென்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-ஐக் கூப்பிடு. என்னிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இங்கே பாயான் லெப்பாஸ், பத்து கவான் தொழிற்சாலைகளிலும் அக்கவுண்ட்ஸ் வேலைகள் வருகின்றன. வா என்று கட்டாயப்படுத்தவில்லை. தேடும்போது பினாங்கையும் சேர்த்துத் தேடு, அவ்வளவுதான். அறை வாடகை இல்லாத சம்பளத்தையும் ஒரு பக்கம் கணக்குப் போட்டுப் பார்.

வெள்ளிக்கிழமைக்குள் புது ரெசுமேயை எனக்கு அனுப்பு. பிடிஎஃப் வேண்டாம், வேர்டு கோப்பாகவே அனுப்பு. வரிக்கு வரி பக்கத்தில் குறிப்பு எழுதி ஞாயிறு காலைக்குள் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா