ஆவடி டாங்கிக்கு எஞ்சின் எங்கிருந்து வரப்போகிறது?

ஆவடி டாங்கித் தொழிற்சாலைகளை நடத்தும் பொதுத்துறை நிறுவனமான ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் நிர்வாகத்தினருக்கும் பாதுகாப்பு உற்பத்தித் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2018 ஜூலையில் ஆவடி எஞ்சின் ஃபேக்டரியில் ஒரு விழா நடந்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன், உள்நாட்டுமயமாக்கப்பட்ட இரண்டு டாங்கி எஞ்சின்களை ராணுவத்திடம் ஒப்படைத்தார். ஒன்று டி-72க்கான 780 குதிரைத்திறன் எஞ்சின், மற்றது டி-90க்கான 1000 குதிரைத்திறன் எஞ்சின். இனி எஞ்சினுக்காக யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்றுதான் பலரும் நினைத்தோம்.

2025 மார்ச்சில் இன்னொரு அறிவிப்பு. டி-72 டாங்கிகளுக்கு 1000 குதிரைத்திறன் எஞ்சின் வாங்க ரஷ்ய அரசின் ஆயுத ஏற்றுமதி நிறுவனமான ரோசோபோரோன்எக்ஸ்போர்ட்டுடன் 24.8 கோடி டாலர் ஒப்பந்தம். சில முழு எஞ்சினாக வரும், சில பாகங்களாக வந்து இங்கே பூட்டப்படும், தொழில்நுட்பமும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்குக் கைமாறும்.

என் கேள்வி நேரடியானது. 1000 குதிரைத்திறன் எஞ்சின் ஆவடியில் ஏற்கெனவே தயாராகும்போது, அதே திறனுள்ள எஞ்சினுக்கு ஏன் புதிதாகத் தொழில்நுட்பம் வாங்குகிறோம்? டி-90 எஞ்சின் டி-72க்குள் பொருந்தாதா? ஃபேக்டரியால் தேவையான எண்ணிக்கையில் தர முடியவில்லையா? 2018இல் சொன்ன உள்நாட்டுமயத்தில் ஏதாவது பாகம் விட்டுப்போயிருந்ததா? நியாயமான காரணம் இருக்கலாம். அதைச் சொல்லுங்கள். ராணுவ ரகசியம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விலையையும் குதிரைத்திறனையும் அரசே அறிவித்துவிட்டது.

ஆவடிக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. 1965இல் இங்கிருந்து வெளிவரத் தொடங்கிய விஜயந்தா டாங்கி, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. அதன் லேலண்ட் எஞ்சின் பிரிட்டிஷ் ராணுவத்தையே படாதபாடு படுத்திய ரகம். அப்புறம் சோவியத் வடிவமைப்பான டி-72 வந்தது. சோவியத் யூனியன் உடைந்தபோது உதிரிபாகத்துக்குத் திண்டாடினோம்.

அர்ஜுன் டாங்கியின் கதை இன்னும் மோசம். வடிவமைத்தது ஆவடியிலேயே இருக்கும் சி.வி.ஆர்.டி.இ. என்ற போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம், எஞ்சின் மட்டும் ஜெர்மனியின் எம்.டி.யூ. நிறுவனத்துடையது. 1400 குதிரைத்திறன். 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் கிடைத்தது. முதல் ஐந்தை 30 மாதங்களில் தர வேண்டும் என்றார்கள். ஜெர்மன் எஞ்சின் கிடைப்பதே இழுபறியானது. சொராவர் இலகு டாங்கிக்கும் முதலில் ஜெர்மன் எஞ்சினைத்தான் நினைத்தார்கள். அங்கிருந்து அனுமதி தாமதமானதும் அமெரிக்க கம்மின்ஸுக்கு மாறினார்கள். ஜெர்மனி போனால் அமெரிக்கா. இதற்குப் பெயர் தற்சார்பு என்றால் சிரிக்கத்தான் முடியும்.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. 2010இல் தொடங்கிய 1500 குதிரைத்திறன் எஞ்சின் முயற்சி பலித்து, 2024 மார்ச் 20 அன்று மைசூரில் பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல். வளாகத்தில் முதல் முறையாக அந்த எஞ்சின் இயக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளரே நேரில் வந்திருந்தார். ஆனால் சோதனை மேடையில் ஓடுவது வேறு. அறுபது டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கிக்குள், ராஜஸ்தான் வெயிலிலும் மணல் தூசியிலும் சூடேறி நிற்காமல் ஓடுவது வேறு. பல எஞ்சின்கள் தோற்றது இரண்டாவதில்தான்.

அதனால் கேட்கிறேன். இந்த எஞ்சினை ஓர் அர்ஜுனில் பொருத்திப் பாலைவனத்தில் எப்போது ஓட்டப்போகிறீர்கள்? தேதியை வெளியிடுங்கள். தவறினால் ஏன் தவறியது என்றும் வெளியிடுங்கள். தயாரிப்பில் ஆவடி எஞ்சின் ஃபேக்டரிக்கு என்ன பங்கு என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். அம்பத்தூர், திருமழிசைப் பட்டறைகளுக்கு வரைபடங்களை இப்போதே கொடுத்தால்தான் மாதிரி பாகங்கள் செய்து, தேறாததைத் திருத்த அவர்களுக்கு அவகாசம் இருக்கும். கடைசி நேரத்தில் டெண்டர் விட்டுவிட்டு, உள்ளூரில் தரம் இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

டி-72க்குப் பதிலாக வரவிருக்கும் எதிர்காலப் போர் வாகனத் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. அதற்கு எந்த எஞ்சின் என்று முடிவாவதற்கு முன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஆவடிவாசி ஒருவன்